சாந்தாமணிக்கு மட்டும் கேட்காத சத்தம்

கரண்ட் எடுக்கிற காற்றாடிகள் ஓயாமல் சுற்றுகிற தாராபுரத்து மேட்டுக்காட்டில் காரைப்பாளையம் என்று ஒரு ஊர் உண்டு, மழை அந்த ஊருக்கு விருந்தாளி, காற்று வீட்டு மனுஷன். அந்த ஊரில் ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வாடகைக்குக் கார் ஓட்டுகிற சாந்தாமணியின் வண்டியில் ஃபேன் பெல்ட் கத்த ஆரம்பித்தது. கத்தல் என்றால் கொஞ்சநஞ்சக் கத்தல் இல்லை, கன்றைப் பறிகொடுத்த எருமையும் கதவிடுக்கில் வால் மாட்டிய பூனையும் சேர்ந்து ஒப்பாரி வைத்தால் எப்படியோ அப்படி, ஊரே காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றது, சாந்தாமணிக்கு மட்டும் அது கேட்கவில்லை.

ஃபேன் பெல்ட் என்பதும் பேருக்குத்தான். இந்தக் காலத்து வண்டியில் ஃபேனுக்குத் தனி மோட்டார் வந்து எவ்வளவோ நாளாயிற்று, பேர் மட்டும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இஞ்சின் முகப்பில், உள்பக்கம் வரிவரியாகப் பல் வைத்த ஒற்றைக் கறுப்பு வார் அது, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறதையும் ஏசியையும் ஸ்டியரிங் பம்பையும் தண்ணீர் பம்பையும் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து சுற்றி வந்து, எல்லாவற்றையும் ஓடவைத்துவிட்டு, தான் ஓடியதைச் சொல்லிக்கொள்ளாமல் கிடக்கும். காரைப்பாளையத்துக்குச் சாந்தாமணியும் அப்படித்தான் இருந்தாள். இடுப்புவலி எடுத்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவள், பிள்ளையும் தாயுமாகத் திரும்பக் கொண்டுவந்தது அவள், பெண்பார்க்கப் போனவர்களையும் பிணம் பார்க்கப் போனவர்களையும் ஏற்றியது அவள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதை அவள் குறையாக யாரிடமும் சொன்னதில்லை, ஊர்தான் அவளுக்காக அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தது.

அவள் புருஷன் சென்னியப்பன் மாட்டுத் தரகன். சந்தையில் விலை பேசுவது வாயால் இல்லை, துண்டுக்கடியில் விரலால். விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் துண்டுக்குள் போகும், விரலைப் பிடித்தால் ஒரு விலை, மடக்கினால் ஒரு விலை, சுற்றி நிற்கிற நூறு பேருக்குத் துண்டு ஆடுவது மட்டும்தான் தெரியும். கல்யாணமான புதிதில் அவன் சாந்தாமணியின் கையைத் துண்டுக்குள் இழுத்து அந்தப் பாஷையைச் சொல்லிக்கொடுத்தான், சுண்டுவிரலைப் பிடித்து இரண்டுதரம் அழுத்தினால் 'நீ இல்லாமல் எனக்கு என்ன இருக்கிறது' என்று அர்த்தம், அது சந்தைப் பாஷையில் இல்லாதது, உனக்கென்று நான் உண்டாக்கியது என்றான். இத்தனை வருஷத்திலும் அவள் அவனை நம்பியதற்கு அந்த ஒரு சுண்டுவிரல் போதுமானதாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கரட்டுப்பட்டிக் கருப்பணசாமி கோயிலில் ஒரு கெடாவெட்டு. கூட்டுத் தரகர் ஒருவரின் பையனுக்கு முதல் முடி இறக்குகிறார்கள், ஊரில் பாதிப்பேரை அழைத்திருக்கிறார்கள், நீதான் கொண்டுபோய் விடவேண்டும் என்று சென்னியப்பன் சொன்னான். அவளும் நடை நடையாக ஏற்றி இறக்கினாள். கோயில் முகப்பிலேயே எல்லோரும் இறங்கிக்கொண்டார்கள், உனக்கு எதுக்கு இந்த வெயில், நீ போய்ட்டு நாலு மணிக்கு வா என்று அக்கறையாகத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பக் கூட்டிவரப் போனபோது பக்கத்து வீட்டுக் கோகிலம் ஒரு தூக்குப்போசியை அவள் மடியில் வைத்தாள். கோகிலம் தையல்காரி, சாந்தாமணி வாக்கப்பட்டு வந்த நாள்முதல் இரண்டு பேரும் ஒரே சட்டியில் குழம்பு ஊற்றிக்கொண்டவர்கள். "உனக்குன்னு நல்ல கறியாப் பாத்து எடுத்தாந்தேன் புள்ள" என்றாள். சாந்தாமணி போசியைத் திறந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லிச் சாவியைத் திருகினாள், அப்போதுதான் பெல்ட் முதன்முதலாகக் கத்தியது.

மறுநாள் ஆளாளுக்கு வந்து, வண்டி சத்தம் போடுகிறது என்றார்கள். அவள் பானட்டைத் தூக்கிவைத்துக் காதைக் கொடுத்துப் பார்த்தாள், இஞ்சின் எப்போதும்போலத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேலி செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். சென்னியப்பனே முகம் சுளித்துக் காதில் துண்டைக் கட்டிக்கொண்டு, லூர்துவிடம் காட்டிவிட்டு வா என்று சொன்ன பிறகு போனாள்.

மெக்கானிக் லூர்துவின் பட்டறை தார்ரோட்டு வளைவில் இருக்கிறது. வண்டி வருவதற்கு முன்னாலேயே அவன் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தான். பெல்ட் கத்தினால் பெல்ட்டை மட்டும் திட்டக்கூடாது, அது எதன்மேலெல்லாம் ஓடுகிறதோ அது ஒவ்வொன்றையும் பார்க்கவேண்டும் என்று அவளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே வேலையைத் தொடங்கினான். ஓடுகிற பெல்ட்டின் பல்லில் தண்ணீர் தெளித்தான். சத்தம் சற்று அடங்கித் திரும்ப வந்தால் ஒரு கோளாறு, கூடினால் பெல்ட் தொய்வு, ஆனால் அது அடங்கவும் இல்லை, கூடவும் இல்லை. பழைய டிரைவர்கள் செய்கிறபடி சோப்புக்கட்டியைத் தேய்த்துப் பார்த்தான். புது பெல்ட் வாங்கி மாட்டினான், அது பழசைவிடத் தெளிவாகக் கத்தியது. இழுத்துப் பிடிக்கிற டென்ஷனரை மாற்றினான், நீள ஸ்குரூடிரைவரின் முனையை, பெல்ட் ஓடுகிற ஒவ்வொரு புல்லியிலும் வைத்து, பிடியைக் காதில் வைத்து, டாக்டர் நெஞ்சைப் பார்ப்பதுபோல பேரிங்கு பேரிங்காகப் பார்த்தான். எல்லாம் வெண்ணெயாக ஓடியது. கடைசியில் வேறு வழி தெரியாமல் பெல்ட்டையே கழற்றிக் கீழே வைத்துவிட்டு, சித்த நேரத்துக்கு ஸ்டார்ட் பண்ணுங்கக்கா என்றான்.

பெல்ட் தரையில் செத்த பாம்பாகக் கிடந்தது, சத்தம் மட்டும் பழையபடி வந்தது.

லூர்து எழுந்து நின்றான். சாந்தாமணியின் முகத்தைப் பார்த்தான், அவள் காதில் எதுவும் விழாமல், சரியாப் போச்சா தம்பி என்கிற முகத்தோடு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். அப்போது அவனுக்கு விளங்கியது. கரட்டுப்பட்டியில் அவனும் பந்தியில் உட்கார்ந்தவன்தான். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு சென்னியப்பன் மடியில் உட்கார்ந்திருந்த பையன் எந்தத் தரகரின் பையனும் இல்லை, சென்னியப்பனின் பையன், பக்கத்தில் பட்டுச்சேலையில் நின்றது மூலனூர்க்காரி ஒருத்தி, இது பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் தெரியும், தெரிந்துதான் உட்கார்ந்தார்கள், தெரிந்துதான் இரண்டாம்தரம் குழம்பு கேட்டார்கள். தெரிந்தவன் காதுக்குத்தான் இந்தச் சத்தம். லூர்து பெல்ட்டைத் திரும்ப மாட்டினான், பானட்டை மூடினான், கையை வேட்டியில் துடைத்தான்.

"சத்தம் போயிருச்சுங்கக்கா" என்றான்.

சத்தம் தெரிந்தவன் காதுக்குத்தான் என்று லூர்து சொன்ன செய்தி டீக்கடைக்கு வந்து, டீக்கடையிலிருந்து எல்லா வீட்டுக்கும் போனது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள். காரைப்பாளையம் அந்த உலைமூடியைக் கண்டுபிடித்துவிட்டது. யாரும் கூடிப் பேசவில்லை, யாரும் சத்தியம் வாங்கவில்லை, ஆனாலும் அன்றைக்கிருந்து ஒருத்தரும் அவளிடம் சத்தத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. பாவம், பிள்ளை இல்லாதவள், தெரியாமல் இருந்தால் நிம்மதியாக இருப்பாள் என்று ஒருவருக்கொருவர் சொல்லித் தங்கள் மனசைத் தேற்றிக்கொண்டார்கள். அந்த ஊரில் 'ங்க' போடாமல் யாரையும் பேசமாட்டார்கள், முகத்துக்கு நேரே கசப்பு எதையும் சொல்லமாட்டார்கள், மரியாதை தெரிந்த ஊர். மரியாதையாகவே ஒரு பெண்பிள்ளையின் கழுத்தை அறுக்கலாம் என்பதற்கு அந்த ஊரைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

சத்தத்துக்கும் அவர்கள் பழகிக்கொண்டார்கள். எதற்குத்தான் மனிதர்கள் பழகமாட்டார்கள். டீக்கடை ராமாத்தாள் அது தார்ரோட்டில் கேட்கும்போது பாலை அடுப்பில் ஏற்றி, தெருமுனையில் கேட்கும்போது இறக்கினாள். ஸ்கூலில் ஒன்பது மணிக்கு மணியடிக்க மறந்துபோனார்கள், சாந்தாமணி பால் சொசைட்டிக்குப் போகிற சத்தமே பிரேயருக்குப் போதுமானதாக இருந்தது. புதிதாகக் கட்டிக்கொண்டு வந்த மருமகள்களுக்கு முதலில் ஒன்றும் கேட்காது, ஒரு மாதத்துக்குள் மாமியாரோ நாத்தனாரோ காதோடு காதாகச் சொல்வார்கள், மறுநாள் காலை அவர்களும் வண்டி வரும்போது காதைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள், அப்போதுதான் அந்தப் பெண் ஊரோடு சேர்ந்துவிட்டாள் என்று கணக்கு. அந்தச் சத்தம் கேட்பது ஒரு கௌரவமாகவே ஆகிப்போனது. வெளியூரிலிருந்து விதை விற்க வந்த ஆள் ஒருத்தர் மட்டும் காரில் ஏறிவிட்டு, இந்த ஊரில் எல்லோரும் ஏன் இப்படித் தொண்டை கிழியப் பேசுகிறார்கள் என்று சாந்தாமணியிடம் கேட்டார்.

அது அவளுக்கும் உறுத்தலாகத்தான் இருந்தது. வண்டியில் ஏறியவர்கள் கத்தினார்கள், இறங்கியவர்கள் கத்தினார்கள், நடுவில் தலையை ஆட்டிச் சமாளித்தார்கள். காற்றாடிச் சத்தத்தில் ஊருக்கே காது மந்தமாகிவிட்டது என்று அவள் முடிவுக்கு வந்தாள். வந்தவள் சும்மா இருந்தாளா? தாராபுரத்தில் இலவசக் காது முகாம் போட்டபோது பெட்ரோல் தன் செலவென்று சொல்லி, நடை நடையாக ஊரை ஏற்றிக்கொண்டுபோய் வரிசையில் உட்காரவைத்தாள். ராமாத்தாளின் காதில் டாக்டர் விளக்கடித்துப் பார்க்கும்போது, பயப்படாதீங்கக்கா என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காது சுத்தமாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்பினார். திரும்பி வரும்போது கோகிலம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள், தூசி விழுந்துவிட்டது என்றாள்.

சென்னியப்பன் சதா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு காதுவலி என்றான். சாந்தாமணி நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சி, சூடு பொறுக்கிறதா என்று தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, அவன் தலையை மடியில் சாய்த்து இரண்டு காதிலும் விட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போட்டு, அவள் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்து இரண்டுதரம் அழுத்தினான். அவள் அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தாள், கால் மரத்துப்போகும்வரை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்றால் சோறு ஆறுகிறவரைதான். ஆடி மாதம் காற்று பேயாய் வீசின ஒரு புதன்கிழமை, சந்தைநாள், சாந்தாமணி காலி வண்டியாக மூலனூர்ப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தபோது பஸ்ஸை விட்டுவிட்ட ஒரு பெண் ரோட்டோரம் நின்று கையைக் காட்டினாள். தோளில் ஒரு பையன், காய்ச்சலில் துவண்டு கிடந்தான். வழியில் நிற்கிற பிள்ளைத்தாய்ச்சியையோ பிள்ளைக்காரியையோ விட்டுவிட்டுப் போகிற வழக்கம் சாந்தாமணிக்கு எந்நாளும் இல்லை. ஏற்றிக்கொண்டாள். கதவைச் சாத்தி வண்டியை நகர்த்தியதும் அந்தப் பெண் இரண்டு கையாலும் பையனின் காதுகளைப் பொத்தினாள்.

"ஏனுங்க, புள்ளைக்குக் காதுவலியா?" என்று சாந்தாமணி கேட்டாள்.

"இல்லீங்கக்கா. இந்தச் சத்தம்" என்று அந்தப் பெண் கத்தினாள். "எப்படிங்கக்கா இதோட ஓட்டறீங்க?"

சத்தம் போயிருச்சுங்கக்கா என்று லூர்து சொன்னது சாந்தாமணிக்கு நினைவு வந்தது. காரைப்பாளையத்தில் யாரும் மாதக்கணக்கில் உச்சரிக்காத அந்தச் சொல்லை முன்பின் தெரியாத ஒருத்தி சொல்கிறாள். இவளுக்கு நம் ஊர்க்காது எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டே ஓட்டினாள், அதற்குமேல் அவளுக்கு யோசனை ஓடவில்லை. அந்தப் பெண் போனை எடுத்து, புள்ளைக்கு முடியல, சந்தையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க என்று யாரிடமோ சொன்னாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர்களை இறக்கிவிட்டு, இஞ்சினை அணைக்காமல், பையன் உள்ளே போகிறவரை பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவள் நின்றாள். எவனோ ஒருவனின் பைக்கின் பின்னாலிருந்து குதித்துச் சென்னியப்பன் ஓடிவந்தான். யாருக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் அவள் முதலில் பதறினாள், அப்போதும் அவனுக்காகத்தான் பதறினாள். அவன் அந்தப் பெண்ணின் தோளிலிருந்து பையனை வாங்கினான், வாங்கிப் பழகின கை. என் சாமி, ஒண்ணுமில்ல சாமி என்று சொல்லித் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவனுக்குக் குளிராமல் போர்த்தினான். காய்ச்சலில் கண்ணைத் திறக்கமாட்டாத பையன், துண்டு மேலே விழுந்ததும் தன் சின்னக் கையை அதற்குள் விட்டு எதையோ தேடினான், தேடினது கிடைத்ததும் சிரித்தான். துண்டு இரண்டுதரம் அசைந்தது.

உனக்கென்று உண்டாக்கியது என்று சொன்னானே, அந்தச் சுண்டுவிரல்.

அப்போது அவளுக்குக் கேட்டது. தை மாதத்திலிருந்து கேட்கவேண்டியது மொத்தமும் ஒரே நேரத்தில் வந்து அவள் காதில் இறங்கியது, கன்றைப் பறிகொடுத்த எருமை, கதவிடுக்கில் வால் மாட்டிய பூனை, அதற்கெல்லாம் அடியில் ஒரு பெண்பிள்ளையின் அழுகை, அது தன் குரல் மாதிரியே இருக்கிறதென்று அவளுக்குத் தோன்றியது. சென்னியப்பனும் சத்தத்தைக் கேட்டுத்தான் திரும்பினான். திரும்பி வண்டியைப் பார்த்தான், வண்டிக்குள் காதைப் பொத்திக்கொண்டு இருந்தவளைப் பார்த்தான், அவனுக்குத் தெரிந்துபோயிற்று. அவள் இறங்கவில்லை, சண்டை போடவில்லை. கெட்டதென்று தெரிந்த சாமானை யாரும் திரும்பவும் சோதித்துப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

காரைப்பாளையம் வரும்வரை அந்தச் சத்தத்தின் நடுவில் உட்கார்ந்து ஓட்டினாள், ஓட்ட ஓட்ட ஒவ்வொன்றாக அவளுக்கு விளங்கியது. ஊர் ஏன் கத்தியது, டாக்டர் ஏன் ஒரு குறையும் இல்லை என்றார், கோயில் முகப்போடு தன்னை ஏன் திருப்பி அனுப்பினார்கள். போசியில் வந்த கறி யார் வீட்டுக் கறி என்று விளங்கியபோது வண்டியை ஓரங்கட்டி, வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள், ஆறு மாதத்துக் கறி அப்படியே வந்தது, உப்புச் சரியாக.

பட்டறை முன்னால் நிறுத்தினாள். லூர்து கையில் ஸ்பேனரோடு வெளியே வந்தான்.

"பெல்ட்டு எது மேலெல்லாம் ஓடுதோ அத ஒவ்வொண்ணாப் பாக்கோணும்னு சொன்னியே தம்பி" என்றாள். "சத்தம் கேக்குதா?"

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான், நின்ற இடத்திலேயே தலையைத் தொங்கவிட்டான். அது போதும் என்று அவள் அடுத்த இடத்துக்குப் போனாள்.

வீடு வீடாக, இஞ்சினை அணைக்காமல், புல்லி புல்லியாகப் பார்த்தாள். எல்லா வாசலிலும் அதே ஒரு கேள்வி, சத்தம் கேக்குதுங்களா, அவ்வளவுதான், ஒரு வசவு இல்லை, ஒரு மண்வாரித் தூற்றல் இல்லை. சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சிலர் உங்க நல்லதுக்குத்தானுங்க என்று தொடங்கினார்கள், அவர்கள் முடிக்கும்வரை அவள் நிற்கவில்லை. பால் சொசைட்டிக்காரர் கும்பிட்டார். ராமாத்தாள் கொதிக்கிற பாலை விட்டுவிட்டு வந்து, எனக்குத்தான் காது மந்தம்னு உனக்கே தெரியுமே கண்ணு என்றாள். டாக்டர் விளக்கடித்தபோது தான் பிடித்திருந்த அந்தக் கையைச் சாந்தாமணி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

கடைசியாகத் தன் தெருவுக்கு வந்தாள். வருகிற வழியெல்லாம் ஒரே ஒரு நப்பாசையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள்: கோகிலம் ஒருத்தி தெரியாமல் போசியைக் கொண்டுவந்திருக்கலாம், கோகிலம் ஒருத்திக்காவது இது கேட்காமல் இருக்கலாம், அந்த ஒன்று இருந்தால் இந்த ஊரில் இருந்துகொள்ளலாம். கோகிலம் தையல் மிஷினில் குனிந்திருந்தாள். சாந்தாமணி வண்டியை அவள் வாசலை ஒட்டி, பானட் வீட்டுக்குள் எட்டிப்பார்க்கும்படி நிறுத்தினாள், பெல்ட் அந்தத் தெருவையே கிழித்துக்கொண்டிருந்தது. மற்றவர்களிடம் கேட்டமாதிரி கத்திக் கேட்கவில்லை. வீட்டில் பேசுகிற குரலில், உதடு அசைவது தெரியும்படி மட்டும் கேட்டாள்.

"கோகிலக்கா. என்ற வண்டியில ஏதாச்சும் சத்தம் கேக்குதா?"

கோகிலம் நிமிர்ந்தாள். தோழியின் கண்ணுக்கு நேரே பார்த்தாள், அவள் முகத்தில் அன்புதான் இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. எழுந்து நின்று, நரம்பு புடைக்க, அந்தச் சத்தத்துக்கும் மேலாகத் தன் தொண்டையைத் தூக்கினாள்.

"ஒண்ணுமே கேக்கலையே சாந்தா! அமைதியாத்தானே இருக்குது! எனக்கு ஒண்ணுமே..."

சாந்தாமணி சாவியைத் திருகி இஞ்சினை அணைத்தாள்.

"...கேக்கலையே!" என்று கோகிலத்தின் கத்தல் மட்டும், ஓசை நின்றுபோன தெருவில், கடைசி வீடுவரைக்கும் போய்த் திரும்பி வந்தது.